ரகாபியின் அடியில்

தக்ஷா அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்த டீ ரகாபித் தட்டுகளை அடுக்காகத் தூக்கியபோது, கூடத்து மூலையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அதை எடுக்காதே. மேல இருக்கறதை எடு."

தக்ஷா வந்து சேர்ந்ததிலிருந்து அம்மா வாய் திறந்தது அப்போதுதான். அதுவரை அழவுமில்லை, பேசவுமில்லை. யாராவது தோளைத் தொட்டால் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். புருஷனை இழந்தவள் மூலையில் உட்கார்ந்துவிட்டால் தன்னிஷ்டத்துக்கு எழுந்து நடமாடக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஆனால் அம்மா முக்தாபென் உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து சமையலறை அலமாரி நன்றாகத் தெரிந்தது.

"ஏன், இதுக்கென்ன?"

"அது அவங்களுக்கு வெச்சது."

சொன்ன பிறகுதான், சொன்னது மகளிடம் என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். வெள்ளைச் சேலைத் தலைப்பை மூக்குவரை இழுத்து மூடிக்கொண்டாள்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் பக்கத்து வீட்டு ஹன்ஸாபென் பெரிய கெட்டில் நிறைய இஞ்சி டீ போட்டு அனுப்பியிருந்தாள். டீ அவர்களுடையது, ஊற்றிக் குடிக்கிற ரகாபித் தட்டு இவர்களுடையது. அண்ணன் கேதன் சூரத்திலிருந்து வந்து சேர்கிறவரை உடலை எடுக்க முடியாது. பாபுஜி என்று பிள்ளைகள் கூப்பிட்ட அப்பாவிடம் படித்தவர்கள் சுற்றுவட்டாரத்திலிருந்து வெறும் வயிற்றோடு வந்து முற்றத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஆளுக்கு ஒரு வாய் டீயாவது கொடுக்க வேண்டும். இத்தனை வருஷமாக அந்த வீட்டில் ரகாபி எடுத்து வைக்கிற வேலையை அம்மா யாரிடமும் விட்டதில்லை. ஊரிலிருந்து வந்த மகள் எழுந்து போனால்கூட, "நீ உட்காரு, பஸ்ல வந்த களைப்பு" என்று தடுத்துவிடுவாள். பாசம் என்று தக்ஷா நினைத்திருந்தாள்.

அந்த ஊரில் 'அவங்க' என்றால் யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தக்ஷா கையிலிருந்த ரகாபி ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். அடி வளையத்துக்குள் துவரம்பருப்பு அளவில் சிவப்புப் பெயின்ட் பொட்டு. அடுத்ததைத் திருப்பினாள். அதற்கடுத்ததையும் திருப்பினாள். எல்லாவற்றிலும் பொட்டு. மேல்தட்டில் இருந்தவற்றில் ஒன்றில்கூட இல்லை. இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே நீலக் கரை. மேலே பார்த்தால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வேறு எந்த வீட்டில் இதைப் பார்த்திருந்தாலும் அவளுக்கு ஆச்சரியம் இருந்திருக்காது. இது ராம்பாத்திரத்தை உடைத்த லாபசங்கர் மாஸ்தரின், அவளுடைய பாபுஜியின், வீடு.

அந்தக் கதை ஊருக்கே தெரியும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீட்டு வாசல் மாடத்திலும் ஒரு ரகாபி தனியாகக் கவிழ்ந்து கிடக்கும். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கிய நெசவுத் தெருவிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் அதைத் தாங்களே எடுத்து நீட்ட வேண்டும். கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். குடித்துவிட்டுத் தாங்களே கழுவித் திரும்பக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். இந்த அழகுக்கு ராமர் பேரை வேறு வைத்திருந்தார்கள். பிராமணத் தெருவிலேயே பிறந்து, உள்ளூர்ப் பள்ளிக்கே வாத்தியாராக வந்த லாபசங்கர், வீடு வீடாகப் போய் அந்தத் தட்டுகளைக் கேட்டு வாங்கினார். கொடுக்காத வீட்டு மாடத்திலிருந்து தானே எடுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் பள்ளி மைதானத்தில் போட்டு உடைத்தார். சாதிக்காரர்கள் ஒதுக்கி வைத்தார்கள், நல்லது கெட்டதற்குக் கூப்பிடவில்லை. மனிதர் அசையவில்லை. கூட வேலை பார்த்த நெசவுத் தெரு மூல்ஜிபாயை ஞாயிறுதோறும் வீட்டுக்கு அழைத்து, ஊஞ்சலில் தன் பக்கத்தில் உட்கார வைத்து டீ குடித்தார். மூல்ஜிபாயின் தங்கை மகன் ஹஸ்முக்கைத் தக்ஷா கட்டிக்கொள்ள ஆசைப்பட்டபோது, தானே முன்னால் நின்று பதிவுக் கல்யாணம் செய்துவைத்தார்.

அகமதாபாத்தில் தக்ஷா வேலை பார்க்கும் சட்ட உதவி மையத்தில் இந்தக் கதையைக் கேட்காதவர்கள் இல்லை. எந்த மேடையில் ஏறினாலும் அவள் இதில்தான் ஆரம்பிப்பாள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டால் அவளுக்குப் பெருமையாக இருக்கும்.

இப்போது அவள் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தாள். ஹஸ்முக் குந்தி உட்கார்ந்து பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து தீபாவளிக்கும் சங்கராந்திக்கும் அவன் இந்த வீட்டில் குடித்த டீயெல்லாம் எந்தத் தட்டில் வந்தது? தன் மகன் சின்னவனாக இருந்தபோது பால் குடித்த தம்ளர் நினைவுக்கு வந்தது. அதன் அடியை யார் பார்த்தார்கள்?

மேல்தட்டு ரகாபிகளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். எல்லோருக்கும் அதிலேயே ஊற்றினாள். மூல்ஜிபாய் கயிற்றுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா முறையில் காகா என்று கூப்பிட்டு வளர்ந்தவள் அவள். அவர் இரண்டு கையாலும் ரகாபியை வாங்கினார். வாங்கியதும் வலது கை நடுவிரல் தானாகத் தட்டின் அடியில் போய்த் தடவியது, பழகின கை சட்டைப் பொத்தானைத் தேடுவது மாதிரி. விரல் நின்றது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இன்னிக்கு நீ எடுத்தியாம்மா?"

"ஆமா காகா."

அவர் ஊதி ஊதிக் குடித்தார். தக்ஷாவுக்குக் கெட்டில் கனத்தது. இவருக்குத் தெரியும் என்று நினைத்தாள். தெரிந்தே எப்படி ஒருவர் ஞாயிறுதோறும் வந்து உட்கார்ந்தார் என்று அடுத்தபடியாக நினைத்தாள். அந்த இரண்டாவது நினைப்புதான் அவளை விடவில்லை.

தாலுகா பத்திரிகைக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, இரங்கல் கூட்டத்தில் ராம்பாத்திரம் உடைத்த கதையை மகள் வாயால் கேட்டால் எழுதுவதற்குப் பொருத்தமாக இருக்கும் என்று தணிந்த குரலில் சொன்னார். பள்ளிச் சாலைக்கு மாஸ்தர் பெயர் வைக்கப்போகிறார்களாம். தக்ஷா பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போதே அவர் கையிலிருந்த ரகாபியின் அடிப்பக்கத்துக்குத்தான் கண் போனது.

மத்தியானம் கேதன் வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். 'ராம் போலோ பாய் ராம்' என்று பாடை எழுந்தது. முன்பக்கம் ஒரு தோள் கேதன், மறு தோள் மூல்ஜிபாய். சாதிப் பெரியவர் ஒருவர் முன்னால் வந்து, அந்தத் தோளைப் பார்த்துவிட்டு, நைசாகப் பின்பக்கம் போய்ப் பிடித்தார். ஊர் அவ்வளவுதான் மாறியிருந்தது. ஹஸ்முக் மாமனாருக்குப் பின்தோள் கொடுத்தான். பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள்.

ஆண்கள் போனதும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். பாபுஜி விடியற்காலை டீயைக் குடித்துவிட்டு ரகாபியை ஜன்னல் விளிம்பில் வைத்தவர், அப்படியே ஊஞ்சலில் சாய்ந்துவிட்டார் என்று அம்மா சொன்னதாக ஹன்ஸாபென் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊஞ்சல் சங்கிலியை மேலே தூக்கி மாட்டிவிட்டு, அதன் அடியிலெல்லாம் தண்ணீர் ஊற்றித் தள்ளினாள். பிறகு ஒவ்வொருத்தியாகக் குளிக்கப் போனார்கள். கூடத்தில் அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

தக்ஷா அம்மாவுக்கு எதிரில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். எத்தனை வருஷமாக இது நடக்கிறது என்று கேட்டாள். ஹஸ்முக்குக்கு எந்தத் தட்டில் கொடுத்தாய் என்று கேட்டாள். அம்மா விளக்குத் திரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொட்டுத் தட்டில்தான் என்று தக்ஷாவுக்குப் புரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். தக்ஷாவால் விட முடியவில்லை.

"பாபுஜிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

தயங்காமல் வந்தது அந்த ஒரு வார்த்தை. அதற்குள் குளித்த தலையோடு பெண்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

தெரியுமாம். தக்ஷா கொல்லைப்புறக் குழாயடியில் போய் நின்றாள். சின்ன வயதிலிருந்து பார்த்ததெல்லாம் வேறு நிறத்தில் திரும்பி வந்தது. பாபுஜிக்கு ஒரு பழக்கம் உண்டு. டீ ரகாபி கைக்கு வந்ததும் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்ப்பார். கேட்டால், எறும்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்வார். "பாபுஜியோட எறும்பு வந்தாச்சா" என்று அவளும் கேதனும் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரிப்பார். எறும்பைத் தேடவில்லை அவர். பொட்டைத் தேடியிருக்கிறார். தவறிப்போய் 'அவங்க' தட்டு தன் கைக்கு வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு டீக்கும் பார்த்திருக்கிறார். மைதானத்தில் உடைத்தது ஊருக்கு, அலமாரியில் பிரித்து வைத்தது தனக்கு. இரண்டையும் ஒரே மனிதர் எப்படிச் சிரித்துக்கொண்டே செய்தார்? அவள் அழுதாள். காலையில் செத்த மனிதருக்காக அல்ல.

வெயில் தாழ்ந்தபோது ஆண்கள் திரும்பினார்கள். வாசலில் வேப்பிலையைக் கடித்துத் துப்பிவிட்டு, காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். ஹன்ஸாபென் மறுபடியும் டீ அனுப்பினாள். தக்ஷா மூல்ஜிபாய்க்கு ஊற்றிவிட்டுக் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"காலையில எதைத் தடவிப் பாத்தீங்க காகா?"

அவர் கையிலிருந்த ரகாபியைப் பார்த்தார். "பாத்துட்டியா" என்றார்.

"பாபுஜிக்குத் தெரியும்னு அம்மா சொல்றா."

"தெரியாம? அவன் கண்டுபிடிச்சதே என் விரலைப் பாத்துதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் சொன்னார். ரகாபியைக் கையில் வாங்கியபோது அடியில் பிசுபிசுவென்று இருந்ததாம். பெயின்ட் காயவில்லை. விரலில் சிவப்பு ஒட்டிக்கொண்டது. வேட்டியில் துடைத்துக்கொள்ளப் பார்த்தார். அதற்குள் லாபசங்கர் பார்த்துவிட்டார். தன் தட்டைத் தூக்கிப் பார்த்தார், அதில் இல்லை. மூல்ஜிபாயின் கையிலிருந்ததைப் பிடுங்கி, அவர் பாதி குடித்த டீயைத் தான் குடித்தார். தன்னுடையதை அவர் கையில் திணித்தார்.

"உள்ள போய்க் கத்தப்போறான்னு பாத்தேன். கத்தல. அடுத்த ஞாயிறு வந்தப்போ, உள்ள பாத்து, 'எனக்கும் பொட்டு வெச்சதுலயே குடு'ன்னான். அன்னியிலேர்ந்து அவன் வேற தட்டுல குடிச்சதில்லம்மா. தினம் தூக்கிப் பாப்பான். பொட்டு இல்லைன்னா திருப்பி அனுப்பிடுவான்."

"எறும்பு பாக்கறேன்னு சொல்வார்."

"பசங்ககிட்ட வேற என்ன சொல்லுவான்?"

குடித்த தட்டை அப்பா தானே கொல்லைக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைப்பது தக்ஷாவுக்கு நினைவு வந்தது. பெண்டாட்டிக்கு வேலை வைக்காத ஆண்பிள்ளை என்று அதையும் மேடையில் சொல்லியிருக்கிறாள். அவர் சமையலறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அந்தக் காலத்து ஆம்பளை என்று அதற்கு மட்டும் குறை சொல்லியிருக்கிறாள். பொட்டுத் தட்டில் குடிக்கிறவரை அம்மா உள்ளே விடவில்லை என்பது இப்போதுதான் புரிந்தது. ஆனாலும் அவளுக்கு ஆறவில்லை.

"ஊர்த் தட்டையெல்லாம் உடைச்சவருக்கு இந்த நாலு தட்டை உடைக்க முடியலையா?"

"அதைத்தான் நானும் கேட்டேன். ரொம்ப நாள் கேட்டேன். 'உடைச்சா நாளைக்கே புதுசு வாங்கிப் பொட்டு வெப்பா. இல்ல, உன்னை வர வேண்டாம்னு சொல்லுவா. எந்தத் தட்டுலன்னாலும் அவ கையால உனக்கு டீ வரணும்'னான். அது சரின்னு எனக்கு இன்னிக்கும் தோணல. பொண்டாட்டிகிட்ட பயந்தான்னுதான் நெனைக்கறேன்."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

மூல்ஜிபாய் ரகாபியைக் கீழே வைத்தார்.

"அவன் அதுல குடிக்கறானான்னு பாக்க வந்தேன். கொஞ்ச வருஷம் அதுக்கு மட்டும்தான் வந்தேன். ஞாயித்துக்கிழமை எனக்குக் காட்டறதுக்காகக் குடிக்கறானோ, நான் இல்லாத நாள்ல எதுல குடிக்கறானோன்னு சந்தேகம். திடுதிப்புனு புதன்கிழமை வந்து நிப்பேன். மழையில வந்து நிப்பேன். தட்டை வாங்கித் திருப்பிப் பாப்பேன். பொட்டு இருக்கும். அவனும் ஏன் வந்தேன்னு கேக்க மாட்டான்."

ஹஸ்முக்குக்குத் தெரியுமா என்று அவள் கேட்டாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே தான் சொல்லிவிட்டதாக அவர் சொன்னார். தெரிந்தே போய்க் கட்டிக்கொள் என்றாராம். அவன் சிரித்தானாம்.

"உனக்கு மட்டும் சொல்லக் கூடாதுன்னு லாபு எங்க ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுக்கிட்டான். அவ அம்மாவை வெறுத்துடுவான்னான்."

அம்மாவை வெறுத்துவிடுவாள் என்று பயந்தாரா, தன்னை வெறுத்துவிடுவாள் என்று பயந்தாரா? மகள் மேடையேறிச் சொல்கிற கதை பாழாகிவிடும் என்று பயந்தாரா? கேட்பதற்கு ஆள் இல்லை. வேப்பமரத்தின் அந்தப் பக்கம் ஹஸ்முக் மூங்கில் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு அவன் மேல் கோபம் வந்தது, உடனே அந்தக் கோபத்தின் மேல் வெட்கமும் வந்தது.

எழுந்து உள்ளே போகும்போதே இன்னொரு சந்தேகம் கூடவே வந்தது. செத்த வீட்டில் யாரும் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். காகா நல்ல மனிதர். அழுத முகத்தோடு வந்து கேட்கிற பெண்ணிடம் ஆறுதலாக நாலு வார்த்தை ஜோடித்துச் சொல்லக் கூடியவர்தான். புதன்கிழமையாவது, மழையாவது.

ஊஞ்சல் பக்கத்து ஜன்னல் விளிம்பில் காலை ரகாபி அப்படியே இருந்தது. வீடு கழுவினவர்கள் தரையோடு நின்றுவிட்டார்கள். உள்ளே ஒரு முழுங்கு டீ ஆடை கட்டிக் கிடந்தது. எறும்பு வரிசை ஒன்று ஜன்னல் கம்பியிலிருந்து இறங்கி விளிம்பில் சுற்றிக்கொண்டிருந்தது. தக்ஷா கையில் எடுத்தாள். உள்ளே இருந்தது சிந்தாமல் தலைக்கு மேல் தூக்கி, அப்பா செய்வதுபோல அடியைப் பார்த்தாள்.

பொட்டு இருந்தது. பல வருஷம் தேய்த்துக் கழுவியதில் பாதி உதிர்ந்து, மீதி சிவப்பாகவே இருந்தது.

"அதை இங்க கொண்டா" என்றாள் அம்மா.

மூலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். காலையிலிருந்து மூலைக்காரி வாயில் தண்ணீர்கூடப் படவில்லை, டீ கொடு என்று ஹன்ஸாபென் கெட்டிலை நீட்டினாள். தக்ஷா அதை ஒரு கையிலும் ரகாபியை மறு கையிலும் வைத்துக்கொண்டு அம்மாவின் முன்னால் போய் நின்றாள்.

"இன்னிக்கு அவர் கழுவி வெக்கல" என்றாள் முக்தாபென்.

"நான் கழுவிக்கிட்டு வரேன்."

"வேண்டாம். அதுலயே ஊத்து."

"பாபுஜி குடிச்ச மிச்சம் இருக்கும்மா இதுல."

"தெரியும். ஊத்து."

ஹன்ஸாபென் ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டாள். தக்ஷா ஆடை கட்டியிருந்த அந்த ஒரு முழுங்கின் மேலேயே டீயை ஊற்றினாள். அம்மா சேலைத் தலைப்பை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள். விளிம்பில் ஓர் எறும்பு போக்கிடம் தெரியாமல் ஓடியது. அதை விரலால் மெல்ல ஒதுக்கிவிட்டாள். ஆவி போவதற்காகக் கொஞ்ச நேரம் ஊதிக்கொண்டிருந்தாள்.

முதல் வாய் உறிஞ்சும் சத்தம் கேட்கிறவரை தக்ஷா கெட்டிலைக் கீழே வைக்கவில்லை.